பழி ஓரிடம், பாவம் ஓரிடம்



சென்ற இதழில் பறவைக் காய்ச்சலைப் பற்றி வந்த கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அஞ்சலட்டையில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார்: “கொரோனா காலத்தில் நாம் வரிசையில் நின்று கபசுரக் குடிநீர் வாங்கிக் குடித்தோம். காட்டு ஜீவன்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்தால் அவை எந்த வரிசையில் போய் நிற்கும்? அதுகூடப் போகட்டும், அவற்றுக்கு ஏன் குறைய வேண்டும்? காட்டுக் காற்றையும் ஆற்றுத் தண்ணீரையும்விடச் சத்தானது உண்டா?”

இடம் தீர்ந்துபோனதால் கையெழுத்தை முகவரிப் பக்கத்தில் போட்டிருந்தார். இந்த இதழில் என்னென்ன இருக்கின்றன என்று வழக்கம்போல இங்கே சொல்லப்போவதில்லை, புரட்டினால் தெரிந்துவிடும். டீச்சரின் கேள்விக்கே பக்கம் முழுவதையும் கொடுக்கிறேன்.

காற்றும் தண்ணீரும் முன்னைப்போல இல்லை என்பது ஒரு வரிப் பதில். புகைபோக்கி, சுரங்கக் கழிவு, தோட்டா, பேட்டரி, பழைய பெட்ரோல் என்று பல வழிகளில் ஈயமும் பாதரசமும் காட்மியமும் காட்டுக்குள்ளும் கடலுக்குள்ளும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பூச்சிமருந்துகூட என்றைக்காவது சிதையும். உலோகம் சிதையாது. மண்ணிலிருந்து புழுவுக்கு, புழுவிலிருந்து குருவிக்கு, குருவி செத்தால் மறுபடி மண்ணுக்கு என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

அளவுக்கு மேல் போனால் அது கொல்லும் என்பது தெரிந்த கதை. ஜப்பானின் மினமாட்டாவில் 1950களில், மனிதர்களின் நோய் வெளியே தெரியவரும் முன்பே, பாதரசம் ஏறிய மீனைத் தின்ற பூனைகள் வலிப்பு வந்து சுழன்று சுழன்று செத்தன. அந்தச் சாவுகளை ஊரே பார்த்தது. நான் சொல்ல வருவது வேறு. கொல்லப் போதாத அளவில் உடம்புக்குள் தங்கிவிட்ட உலோகம் என்ன செய்கிறது? காவலைத் தளர்த்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பிறகு ஏதோ ஒரு புழுவோ வைரஸோ வந்து காரியத்தை முடிக்கிறது. பிரேதப் பரிசோதனையில் ‘நிமோனியா’ என்று எழுதுவார்கள். எழுதியவர் மேல் குற்றமில்லை. நுரையீரலில் இருந்தது நிமோனியாதான்.

விலங்குகளின் எதிர்ப்புச் சக்தியை நம்முடையதிலிருந்து வேறாக நினைக்க வேண்டாம். நம் உடம்பில் நோய்க்கு எதிர்ப்பொருள் தயாரிக்கிற அணுக்களைப் பற்றிய முக்கியமான துப்பு ஒன்று கோழியிடமிருந்துதான் கிடைத்தது. கோழியின் எச்சத் துவாரத்தை ஒட்டி உட்புறம் ஒரு சிறு பை உண்டு. எதற்காக இருக்கிறது என்று சில நூற்றாண்டுகளாக யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் ஓஹாயோவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த புரூஸ் கிளிக், அந்தப் பையை அகற்றிய கோழிகளுக்கு எதிர்ப்பொருள் சரியாக உண்டாகவில்லை என்று கண்டார். பெரிய அறிவியல் இதழ் ஒன்று அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1956-இல் கோழி வளர்ப்பு அறிவியல் இதழ் ஒன்றில் அது வெளியானது. பத்திரிகை ஆசிரியர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது!

சரி, உலோகம் காவலைத் தளர்த்துகிறது என்பதைக் காட்டு விலங்கிடம் எப்படிக் கண்டுபிடிப்பது? செத்துக் கிடப்பதை அறுத்துப் பார்த்தால் நோய் தெரியும், உலோகத்தின் அளவும் தெரியும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பது தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாமல் செத்த விலங்கு வேண்டும். அதற்காக யாரும் போய்க் கொல்ல முடியாது.

இங்கிலாந்து, வேல்ஸ் கடற்கரைகளில் இதற்கு ஒரு வழி கிடைத்தது. அந்தக் கடலில் போர்ப்பஸ் என்று ஒரு பிராணி இருக்கிறது. நம் கடலின் ஓங்கிலுக்கு உறவு. ஆனால் மூக்கு நீண்டிருக்காது, ஆள் உயரம்கூட வராது. கரையில் ஒதுங்கும் போர்ப்பஸ்களை அங்கே முறையாக அறுத்துப் பரிசோதித்துப் பதிவு செய்கிறார்கள். சில நோயால் செத்தவை: நுரையீரல் நிறையப் புழு, அதன்மேல் பாக்டீரியா. மற்றவை மீன்வலையில் சிக்கி மூச்சு முட்டியோ வேறு வகையில் அடிபட்டோ செத்தவை. அதுவரை அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு வேண்டிய ஒப்பீட்டை மீனவர் வலை தந்துவிட்டது. 86 போர்ப்பஸ்களின் கல்லீரலைச் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். நோயில் செத்தவற்றில் பாதரசம் கூடுதல். செலினியமும் துத்தநாகமும் கூடுதல். ஈயத்திலும் காட்மியத்திலும் வித்தியாசம் தென்படவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் உடனே ஒரு கேள்வி போடுவார்கள். நோயுற்ற பிராணி இளைக்கும். இளைத்த உடம்பில் உலோகம் செறிந்து தெரியும். தொற்று வந்தாலே உடம்பு துத்தநாகத்தைக் கல்லீரலுக்கு இழுத்துக்கொள்ளும். அப்படியானால் எது முந்தியது, நோயா உலோகமா? நியாயமான கேள்வி. ஆய்வாளர்கள் வயது, பால், உடல்வாகு எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்த்தும் பாதரசத்தின் தொடர்பு நின்றது. ஆனாலும் செத்த உடம்பு ஓரளவுதான் பேசும். மேலே கேட்க வேண்டுமானால் உயிரோடு இருப்பதைப் பிடிக்க வேண்டும்.

அதற்கு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்கு, சவுத் ரிவர் என்ற ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். ஆறு என்றதும் காவிரியை நினைக்காதீர்கள்; நம் ஊரில் ஓடை என்று சொல்லிவிடுவோம். அதன் கரையில் வேன்ஸ்பரோ என்ற ஊரில் டுபான்ட் நிறுவனம் 1929 முதல் 1950 வரை செயற்கை இழை தயாரிப்பில் பாதரச உப்பைக் கிரியாஊக்கியாகப் பயன்படுத்தியது. அதில் ஒரு பகுதி ஆற்றில் கலந்தது. கலந்தது என்ற செய்தியே 1970களில்தான் வெளியே வந்தது. பாதரசத்தை நிறுத்திப் பல பத்தாண்டு ஆகிவிட்டது, ஆறு தானே கழுவிக்கொண்டு போய்விடும் என்று எதிர்பார்த்தார்கள். போகவில்லை. அந்தக் கால வெள்ளங்கள் பாதரசத்தைக் கரை மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தன. ஒவ்வொரு மழைக்கும் கரை அரித்து, கொஞ்சம் கொஞ்சமாக இன்றும் ஆற்றில் இறங்குகிறது.

மீன் பாதித்தது, மீன்கொத்தி பாதித்தது. அதில் வியப்பில்லை. வில்லியம் அண்ட் மேரி கல்லூரியின் டேனியல் கிறிஸ்டலும் மாணவர்களும் அதோடு நிற்காமல், கரையோரக் காட்டில் இருந்து ஆற்றில் அலகே வைக்காத சிறு குருவிகளின் ரத்தத்தையும் பார்த்தார்கள். மீன் தின்னும் பறவைக்கு நிகராக அவற்றிலும் பாதரசம். எப்படி ஏறியது? குஞ்சுகளுக்குத் தாய் ஊட்டுகிற இரையைச் சோதித்தபோது சிலந்தி மாட்டியது. ஆற்றுச் சேற்றில் இருக்கும் பாக்டீரியா பாதரசத்தை உயிருடம்பில் ஒட்டிக்கொள்ளும் மெத்தில் பாதரசமாக மாற்றுகிறது. சேற்றில் வளர்ந்த பூச்சி இறக்கை முளைத்து வெளியே வருகிறது. அதைச் சிலந்தி தின்கிறது, சிலந்தியைக் குருவி தின்கிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் செறிவு ஏறுகிறது. 2008-இல் இது வெளிவரும்வரை, ஆற்று மாசு ஆற்றோடு போகும் என்றுதான் பலரும் கணக்குப் போட்டிருந்தார்கள்.

அதே கரையில் மரத்தகைவிலான் என்ற பறவைக்குக் கம்பங்களில் கூட்டுப்பெட்டி மாட்டி வைத்திருந்தார்கள். முதுகு நீலமும் பச்சையுமாக மினுங்கும். வயிறு சுண்ணாம்பு வெள்ளை. எடை ஏறத்தாழ இருபது கிராம்தான். ஆற்றின்மேல் பறந்து பறந்து பூச்சி பிடிக்கும். டேனா ஹாலி என்ற ஆய்வாளரும் கிறிஸ்டலின் குழுவும் இந்தப் பறவைகளின் எதிர்ப்புச் சக்தியைச் சோதித்தார்கள். சோதனைக்குப் பயன்படுத்திய பொருள் நமக்குத் தெரிந்ததுதான், ராஜ்மா. ராஜ்மாவைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டால் வாந்தி பிடுங்குமே, அந்த வேலையைச் செய்கிற புரதத்தைப் பிரித்தெடுத்து வைத்திருக்கிறார்கள். பறவையின் இறக்கையை விரித்தால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தோல் மடிப்பு தெரியும். அதன் தடிமனை அளந்துகொண்டு, புரதக் கரைசலில் ஒரு துளியை அங்கே ஊசியால் ஏற்றுவார்கள். உடம்பின் காவலணுக்கள் அந்நியன் வந்துவிட்டான் என்று அங்கே கூடும், தோல் வீங்கும். மறுநாள் அதே இடத்தை மறுபடி அளப்பார்கள். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட முழுசாக வராது. அளக்கிற கை நடுங்கக் கூடாது. பறவைக்கு வேறு தீங்கில்லை, ஓரிரு நாளில் வீக்கம் வடிந்துவிடும்.

பாதரசம் இருந்த கரையோரம் கூடு கட்டிய பறவைகளுக்கு, சுத்தமான ஆறுகளின் பறவைகளைவிட வீக்கம் குறைவாக இருந்தது. அந்நியன் வந்து இறங்கியும் போதிய கூட்டம் கூடவில்லை. 2009-இல் வெளியான முடிவு இது. பார்வைக்கு அந்தப் பறவைகளிடம் ஒரு குறையும் தெரியாது. பறந்தன, ஜோடி சேர்ந்தன, முட்டை இட்டன. அதே கரையின் வேறு சில குருவிகளின் பாட்டைப் பதிவுசெய்து பார்த்தவர்கள், பாட்டு சுருங்கி, ஸ்வரம் தாழ்ந்து, எளிதாகிப்போனதைக் கண்டார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். டுபான்ட் நிறுவனம் 2016-இல் ஏறத்தாழ 5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. பாதரசத்தை நிறுத்தி 66 வருடம் கழித்து!

உலோகம் உடம்புக்குள் இதை எப்படிச் சாதிக்கிறது என்று கேட்பீர்கள். அடுத்தவர் ரேஷன் கார்டைக் காட்டிச் சரக்கு வாங்கிப்போகிறவரைப் போலத்தான். ஈயம் கால்சியத்தின் பெயரில் நுழைகிறது. உடம்பும் நம்பி எலும்பில் சேர்த்து வைக்கிறது. முட்டை ஓட்டுக்காகப் பெட்டை தன் எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைக்கும்போது ஈயமும் ரத்தத்துக்குத் திரும்பி வருகிறது. அதுவும் உடம்புக்கு வேலை கூடுதலாக இருக்கிற நேரம் பார்த்து. காட்மியம் துத்தநாகத்தின் பெயரில் நுழைந்து சிறுநீரகத்தில் குடியேறுகிறது. துத்தநாகம் இல்லாமல் காவலணுக்கள் முதிர முடியாது. பாதரசத்துக்குக் கந்தகத்தின்மேல் தீராத மோகம். புரதங்களில் கந்தகம் இருக்கும் இடமெல்லாம் போய் ஒட்டிக்கொண்டு அவற்றை வேலை செய்யவிடாமல் ஆக்கும்.

போர்ப்பஸின் கல்லீரலில் செலினியமும் கூடியிருந்தது என்றேன் அல்லவா? அது உடம்பு கண்ட மாற்று வழி. கடல் பாலூட்டிகள் பாதரசத்தைச் செலினியத்தோடு பிணைத்து, கரையாத துகளாக உறையவைத்துக் கல்லீரலிலேயே மூலையில் போட்டுவிடுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எதிர்ப்புச் சக்திக்கும் செலினியம் வேண்டும். கையிருப்பையெல்லாம் நஞ்சைக் கட்டிப்போடவே செலவழித்தால் மிச்சம் என்ன இருக்கும்?

ஈயம் எதிர்ப்பொருளைக் குறைக்கிறது என்பது காட்டு வாத்துகளிடம் நேரடியாகவே தெரிந்தது. வாத்துக்குப் பல் இல்லை. இரைப்பையில் கூழாங்கல்லை வைத்து அரைக்கும். வேட்டைக்காரர்கள் சுட்டுச் சிதறிய ஈயக் குண்டைக் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கிவிடும். அரைக்க அரைக்க ஈயம் ரத்தத்தில் இறங்கும். அப்படி ஈயம் கொடுக்கப்பட்ட வாத்துகளுக்கு ஆட்டின் ரத்த அணுக்களை ஏற்றிப் பார்த்தார்கள். அவை நோய் தராது. அந்நியப் பொருள், அவ்வளவுதான். மற்ற வாத்துகள் தயாரித்த அளவுக்கு இவற்றால் எதிர்ப்பொருள் தயாரிக்க முடியவில்லை. பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் நகரை ஒட்டிய உலோக உருக்காலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த பட்டாணிக்குருவிகளிடம் இதே சோதனையைச் செய்தபோதும் அப்படித்தான் வந்தது.

இப்படி எழுதிக்கொண்டே போனால், உலோகம் கூடினால் எதிர்ப்பு குறையும் என்று ஒரு நேர்கோடு போட்டுவிட்டதாக ஆகிவிடும். நிலைமை அவ்வளவு சுலபமில்லை. 1998 ஏப்ரலில் ஸ்பெயினில் அஸ்னால்கோயார் சுரங்கத்தின் கழிவுக் குளம் உடைந்து, உலோகச் சேறு தொன்யானா தேசியப் பூங்காவின் விளிம்புவரை ஓடியது. பிறகு அங்கே குஞ்சு பொரித்த செங்கால் நாரைகளையும் (நம் பழந்தமிழ்ப் புலவர் தூது விட்ட அதே நாரைதான்) கள்ளப்பருந்துகளையும் ராஜ்மா ஊசியால் சோதித்தார்கள். ஈயம் கூடிய நாரைக் குஞ்சுகளுக்கு வீக்கம் குறைந்தது. பருந்துக் குஞ்சுகளிடம் அப்படி ஒரு தொடர்பும் காணவில்லை. ஒரே ஊர், ஒரே சேறு. இன்னொரு சிக்கலும் உண்டு. வீக்கம் கூடினால் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. பாதரசம் கொடுத்த சில எலி வகைகளில் காவலணுக்கள் தளராமல், மாறாகத் தறிகெட்டுத் தன் உடம்பையே தாக்கியிருக்கின்றன. எந்த உலோகம், எந்தப் பிராணி, எந்த வயது, அன்று வயிறு நிறைந்திருந்ததா என்பதைப் பொறுத்து விடை மாறும். ‘ஆய்வில் நிரூபணம்’ என்று தலைப்புப் போட ஆசைப்படும் என் சக ஆசிரியர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் ரத்தம் குடிக்கும் வௌவால்களைப் பிடித்து, அவற்றின் ரத்தநீர் பாக்டீரியாவை எவ்வளவு கொல்கிறது என்று சோதித்தார்கள். 2017-இல் வந்த அந்த ஆய்வில், பாதரசம் பொதுவாகக் குறைவாகவே இருந்தது. நஞ்சு என்று யாரும் அலறக்கூடிய அளவே இல்லை. அந்தக் குறைந்த அளவுக்குள்ளேயே, சற்றுக் கூடுதலாக இருந்த வௌவாலின் ரத்தநீருக்குக் கிருமி கொல்லும் திறன் குறைந்திருந்தது. ரேபீஸைச் சுமக்கக்கூடிய பிராணி அது. காட்டு விலங்கின் எதிர்ப்புச் சக்தி நமக்குச் சம்பந்தமில்லாத காட்டு விவகாரம் என்று நினைக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

நம் நாட்டுக்கு வருவோம். 2007 டிசம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே சம்பல் ஆற்றில் நூறுக்கும் மேற்பட்ட கரியல் முதலைகள் செத்து மிதந்தன. நீண்டு மெலிந்த மூக்குள்ள, மீனை மட்டுமே நம்பி வாழும் முதலை. உலகத்திலேயே சில ஆறுகளில்தான் மிச்சமிருக்கிறது. அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் பழுதாகி, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் உப்பாகப் படிந்திருந்தது. ஈயமும் காட்மியமும் இருந்தன. உள்நாட்டு, வெளிநாட்டு மருத்துவர்கள் வந்தார்கள். யமுனையிலிருந்து ஏறிவந்த மீன் வழியாக ஏதோ நஞ்சு வந்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தது. கொன்றது இன்னதுதான் என்று விரல் நீட்டிச் சொல்ல முடியவில்லை. உடம்பில் உலோகம் இருந்தது, ஆனால் அதைக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ தீர்த்துவைக்கச் சாட்சியம் போதவில்லை. ஆறு ஆரோக்கியமாக இருந்த நாட்களிலேயே முதலைகளின் ரத்தத்தை எடுத்துப் பதிவு வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். செத்த பிறகு ஓடிப்போய் எடுப்பது எதற்கு உதவும்?

கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறவர்களில் எத்தனை பேருக்குப் பாம்பார் சோலை தெரியும் என்று தெரியவில்லை. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த பழைய தெர்மாமீட்டர் தொழிற்சாலையை மூட்டை கட்டிக்கொண்டுவந்து, 1983-இல் அந்தச் சோலைக்கு மேலே உள்ள சரிவில் நட்டார்கள். பாண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அது பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001-இல் ஊர் நடுவே ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்தது அம்பலமாகி, ஆலை மூடப்பட்டது. அதில் வேலை பார்த்தவர்களின் கதை பெரிது. 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் அணுசக்தித் துறையின் ஆய்வுக்கூடம் கொடைக்கானல் மரங்களில் படர்ந்த பாசியையும் லைக்கனையும், பிறகு ஏரி நீரையும் வண்டலையும் மீனையும் சோதித்து, எல்லாவற்றிலும் பாதரசம் கூடியிருப்பதைக் கண்டது.

மண்ணைச் சுத்தம் செய்வது என்று முடிவானபோது எதுவரை என்ற தகராறு எழுந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. போராடியவர்கள் அதைவிடப் பல மடங்கு கடுமையான வரம்பு கேட்டார்கள். 20 என்பது மனிதர் குடியிருக்கும் மனைக்கான கணக்கு. என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: சோலைக்கு மேலே இருக்கும் சரிவுக்கு வீட்டுமனைக் கணக்குப் போட்டது தவறு. வீட்டு மனையில் யாரும் மண்ணைத் தின்று வாழ்வதில்லை. சோலையில் மண்புழு மண்ணைத்தான் தின்கிறது. பழனி மலைச் சோலைகளில் வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்று ஒரு பறவை உண்டு. பெயரில்தான் கிளி, உருவத்தில் சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு குருவி. வெயில் விழாத தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் பொறுக்கும். தென்னிந்தியாவின் இந்த மலைகளை விட்டால் அதற்கு வேறு ஊர் கிடையாது. சரிவில் பெய்யும் மழை சோலைக்குள் இறங்கி ஓடையாகிப் பாம்பாற்றில் சேர்கிறது. பாதரசம் மெத்தில் பாதரசமாக மாறுவது ஓடைச் சேற்றில்தான் என்று மேலே சொன்னேன். வர்ஜீனியாவின் சிலந்தி 2008-லேயே இந்தப் பாடத்தை நடத்திவிட்டது. நம் வரம்புகளைப் போடுகிறவர்கள் அந்த வகுப்புக்கு வரவில்லை.

முழுக்க இருட்டாக எழுதிவிட்டேனோ? இல்லை, செய்யக்கூடியது இருக்கிறது. ஈயத்தின் விஷயத்தில் நிறையவே இருக்கிறது. பிரிட்டனில் தூண்டிலில் கட்டும் சிறு ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் செத்துக்கொண்டிருந்தன. தேம்ஸ் நதியில் அன்னமே அருகிப்போனது. 1987-இல் அந்தக் குண்டுகளைத் தடை செய்தார்கள், எண்ணிக்கை ஏறிற்று. கலிபோர்னியாவில் காண்டார் என்ற பெருங்கழுகு, வேட்டைக்காரர்கள் விட்டுப்போன பிணங்களில் இருக்கும் தோட்டாத் துணுக்கோடு இறைச்சியைத் தின்று அழிவின் விளிம்புக்கே போனது. இன்றும் அவற்றை அவ்வப்போது பிடித்து ரத்தத்தில் ஈயம் பார்த்து, கூடியிருந்தால் மருந்து ஏற்றி விடுகிறார்கள். 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது. நாமும் ஒன்று செய்தோம்: 2000-இல் நாடு முழுக்க ஈயப் பெட்ரோலை நிறுத்தினோம். குழந்தைகளுக்காகச் செய்தது, தெருவோரப் புறாவுக்கும் சேர்ந்து கிடைத்தது.

பாதரசம் அவ்வளவு சுலபத்தில் பிடிபடாது. நிலக்கரி எரியும் இடத்தில் ஆவியாகக் கிளம்பிக் கண்டம் தாண்டி இறங்கும். அதற்காகவே உலக நாடுகள் சேர்ந்து மினமாட்டா பெயரிலேயே ஓர் ஒப்பந்தம் போட்டன. 2017-இல் நடைமுறைக்கு வந்தது, 2018-இல் இந்தியாவும் சேர்ந்தது. ஒப்பந்தத்தின் பலன் ஆற்றுச் சேற்றில் தெரிய எத்தனை வருடம் ஆகும் என்பதற்கு சவுத் ரிவரின் கரை மண் ஒரு கணக்கு வைத்திருக்கிறது.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. வீச்சு வலையின் ஓரத்தில் கோக்கும் ஈயக் குண்டுக்குப் பதிலாக இரும்போ வேறு எதுவோ கட்டிப் பார்த்த மீனவ வாசகர்கள் எழுதுங்கள்: வலை ஒழுங்காக விரிந்ததா, துருப் பிடித்ததா, விலை கட்டுப்படியானதா? பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ குளத்தங்கரையிலோ இருந்தால், அங்கே மேயும் நாரை, வாத்து, தவளை பற்றி நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள், கேள்விப்பட்டது வேண்டாம். கால்நடை மருத்துவர்களும் வனத்துறையில் பிரேதப் பரிசோதனை செய்கிறவர்களும் நம் வாசகர்களில் இருக்கிறீர்கள். ‘தொற்றுநோய்’ என்று அறிக்கை எழுதும் முன் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் ஒரு துண்டை உலோகச் சோதனைக்கு அனுப்புகிற வழக்கம் உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் தடை பணமா, ஆய்வுக்கூடமா, உத்தரவா? பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். கடிதங்கள் போதிய அளவு சேர்ந்தால் அடுத்த மாதமே தனிப் பகுதியாக வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்